குமிழி நடுவே நின்ற குளியலறை

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மின்சார பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது. தெருவுக்கு அவர் ரசமட்டம்.

கொத்தனார்கள் கையில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதன் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றால் வைத்த இடம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ரசமட்டத்தைக் கொத்தனார்கள்கூட வேலை முடிந்தால் பையில் போட்டுவிடுவார்கள். இவர் போடமாட்டார். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளும் சட்டைப் பையில் இவர் அதை வைத்திருந்தார்.

தொழில், படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுவது. செத்துப்போனவர்கள், கல்யாணமானவர்கள், பட்டம் வாங்கியவர்கள் என்று அந்த வட்டாரத்தில் சுவரேறிய அத்தனை பேரும் அவர் கடை வழியாகத்தான் ஏறினார்கள். சட்டம் போட்டுக் கொடுத்ததோடு விடமாட்டார். வீடு வரைக்கும் வந்து, ஆணியை அவரே அடித்து, படத்தை அவரே மாட்டி, அதன் தலையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்த பிறகுதான் டீயைத் தொடுவார். ஒரு துக்க வீட்டில், இறந்தவரின் படத்தை மாட்டியதும் பெண்கள் ஓவென்று அழத் தொடங்கியபோது, “ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க. இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு” என்று சொல்லி, அந்த அரைக்கால் அங்குலத்துக்காக ஏணியை மறுபடி கேட்டவர் அவர். பாவம், அழுகையைப் பாதியில் நிறுத்திவைத்திருந்து, படம் நேரானதும் தொடர்ந்தார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் மாட்டிய படம் சுவர் விழுந்தால்தான் கோணும். சுவரில் படம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் பூமியில் எல்லாமே இருக்க வேண்டும் என்று நம்பியதில்தான் வம்பு வந்தது. முடிவெட்டும் கடை நாற்காலியில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நின்றபடியே முடி வெட்டிக்கொண்டு வந்தவரை என்ன சொல்வது?

மனைவிதான் அவரிடம் கோணாமல் குடித்தனம் நடத்தினாள். அவள் தையல்காரி. படுக்கையறையின் ஓரத்தில், குளியலறைச் சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய தையல் மெஷின் நின்றது. தெருவில் பாதிப் பேர் உடம்பில் ஏறிய துணி அந்த மெஷினில் இருந்து இறங்கியதுதான். உடம்பு என்பது எங்கும் நேராக இருக்காது என்று தெரிந்த தொழில். அதனால் புருஷனை அவள் ஒரு அளவுக்குமேல் இழுத்துப் பிடிக்கவில்லை.

கடை நன்றாக ஓடிய ஒரு வருஷம் அவருக்குக் குளியலறை ஆசை வந்தது. பழைய சிமெண்டுத் தரையை உடைத்துவிட்டு, சுவர் முழுக்க டைல்ஸ், தலைக்கு மேலே தட்டு மாதிரி ஷவர், பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு என்று சினிமா நட்சத்திரம் குளிக்கிற மாதிரி ஒன்று கட்டத் தீர்மானித்தார். வந்த கொத்தனார் அதிகம் பேசாத நல்ல மனிதர். தரையைத் தண்ணீர் வெளியேறும் துளையை நோக்கிச் சாய்த்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். இவர் குனிந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி மூலையில் ஒளிந்துகொண்டது.

“என்னய்யா இது? தரை ஓடுது?”

“தண்ணி ஓடணும்ல சார்.”

“தண்ணி ஓடட்டும். தரை எதுக்கு ஓடணும்?”

கொத்தனார் துளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். மேடு பள்ளம் பார்த்தே மீசை நரைத்தவர். அவர் குறுக்கே வந்தார். “மாமா, ரோட்டையே நடுவுல ஒசத்தி, ரெண்டு பக்கமும் சரிச்சுத்தான் போடறாங்க. இல்லன்னா மழைத் தண்ணி நிக்கும்.”

“மச்சான், அது ரோடு. ரோட்டுல யாராவது துணி இல்லாம நிக்கறாங்களா?”

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று யோசித்துக்கொண்டே மச்சான் டியூட்டிக்குப் போய்விட்டார். கொத்தனார் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டார். குமிழி இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது. இவர் மறுபடி பெயர்க்கச் சொன்னார். மூன்றாம் தடவை கொத்தனாருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. “உங்க இஷ்டப்படியே போட்டுர்றேன் சார். தண்ணிகிட்ட நீங்களே பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டு, தரையைக் கேரம் போர்டு மாதிரி போட்டார். அந்தக் கோபத்தில், டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூச வேண்டிய பூச்சைப் பூசவில்லை. சுவர் டைல்ஸுக்குப் பின்னால் கலவையை முழுதாகப் பரப்பாமல் மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று அப்பி ஒட்டிவிட்டு, கருவிகளைக் கழுவக்கூட நிற்காமல் போனார்.

இவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. குமிழி நடுவில் நின்றது. அது போதும். தெருவில் இருந்தவர்களை எல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துப்போய்க் குமிழியைக் காட்டினார். அந்தக் குளியலறையில் முதல் வாரம் குளித்தவர்களைவிடப் பார்த்தவர்களே அதிகம்.

பிறகு ஷவரைத் திறந்தார்கள். விழுந்த தண்ணீர், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லாததால், விழுந்த இடத்திலேயே அடக்கமாக நின்றது.

“பாத்தியா? எல்லாப் பக்கமும் ஒரே சீரா நிக்குது. இதுக்குப் பேரு வேலை” என்றார் மனைவியிடம்.

“நின்னா எப்படிங்க? போக வேணாமா?”

“போகும். ஏன் பறக்கறே?”

தண்ணீரும் பறக்கவில்லை. ஒரு வைப்பர் வாங்கினார்கள். குளித்த பிறகு தண்ணீரை வழித்துத் துளைக்குள் தள்ளுவது அவள் வேலையாயிற்று. சில மாதங்கள் போனதும் அவர் வேறு கோணத்தில் ஆராய்ந்தார். கட்டிடத்தில் தப்பு இருக்க முடியாது, குமிழி சாட்சி. ஆகவே தப்பு குளிப்பவர்களிடம் இருந்தது. “நீ ஷவரை ரொம்பத் திறக்கறே. தண்ணிக்கு மூச்சு விட நேரம் குடு” என்று மனைவிக்குக் குளிக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே தைத்துக்கொண்டிருந்தாள்.

போக வழியில்லாத தண்ணீர் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. டைல்ஸ் இடுக்கில் நுழைந்து, உருண்டைகளுக்கு நடுவே இருந்த பொந்துகளில் குடியேறி, சுவரைக் குடித்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தது. மெஷினுக்குப் பின்னால் பெயிண்ட் உப்பி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். அவர் பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து ஒரு பூ படத்துக்குச் சட்டம் போட்டு வந்து கொப்புளத்தின்மேல் மாட்டினார். நேராக.

கொப்புளம் வளர்ந்தது. பூவை எடுத்துவிட்டுப் பூந்தோட்டத்தை மாட்டினார். அதையும் தாண்டி ஈரம் வந்தபோது மலையை மாட்டினார். படச்சட்டக் கடைக்காரருக்குச் சட்டத்துக்கா பஞ்சம்? கடைசியில் சுவரில் முக்கால்வாசியை அடைத்தபடி பெரிய அருவி ஒன்று வந்து நின்றது. பார்க்கிறவர்கள், “தண்ணி நெஜமாவே கொட்டற மாதிரி இருக்கே!” என்று வியந்தார்கள். படத்துக்குப் பின்னால் நிஜமாகவே கொட்டிக்கொண்டிருந்தது.

இப்படியே ஒரு சமுத்திரம் வரை போயிருக்கும். நடுவில் ஒரு நர்ஸ் வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சீருடையை விரித்துப் பார்த்தாள். முதுகு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூசணப் புள்ளிகள்.

“அக்கா, இதைப் போட்டுக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனா என்னையே படுக்க வச்சிருவாங்க.”

தையல்காரி சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. நர்ஸைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, மெஷினைச் சுவரிலிருந்து தள்ளினாள். அருவியைக் கழற்றிக் கீழே வைத்தாள். சுவரை விரலால் தொட்டாள். விரல் உள்ளே போனது. தம்பிக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் ரசமட்டம் வீடு திரும்பியபோது வாசலில் வேன் நின்றது. பையோடு கிளம்பியிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்கமாட்டார். பை போனால் வரும். தம்பியும் இன்னொருவரும் மெஷினைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க போறே?”

“தம்பி வீட்டுக்கு. அங்க சுவர் சுவரா இருக்கு.”

“எப்ப வருவே?”

“அந்தத் தரையில இருந்து தண்ணி தானா வெளிய போகட்டும். நான் தானா உள்ள வர்றேன்.”

வேன் போய்விட்டது. மெஷின் நின்ற இடத்தில் நான்கு துருக்கறைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி மிகச் சரியாக நடுவில் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் குமிழியைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

குளியலறையைப் புதிதாகக் கட்ட வந்தவருக்குத் தெருவில் இடி மேஸ்திரி என்று பெயர். கட்டுவதைவிட உடைப்பதில் அவருக்குக் கை அதிகம், வாய் அதைவிட அதிகம். தனக்கு முன்னால் வேலை பார்த்தவர்களைத் திட்டாமல் அவரால் ஒரு சுத்தியலைத் தூக்க முடியாது. அக்காவின் சார்பில் வேலையைக் கண்காணிக்க மச்சானும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி உளியை எடுக்கும் முன்பே ஒரு டைல் கையோடு வந்தது. பின்னாலேயே இன்னொன்றும்.

“சார், இதுக்கு எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க? நாலு தடவ தும்மியிருந்தா தானா விழுந்திருக்கும்.” உரித்த சுவரை முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். “எந்த மகராசன் போட்டது இது? டைல்ஸ் ஒட்டச் சொன்னா லட்டு புடிச்சு வச்சிருக்கான்! அடியில பூச்சு? ம்ஹூம். தரையைப் பாருங்க… அட, இது என்ன கூத்து? சாய்வே இல்லையே? குளிக்கிற எடத்துல பில்லியர்ட்ஸா ஆடப்போறாங்க?”

மச்சான் தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கொத்தனார் ஒரு மாதிரி. நாம சொல்றதைக் கேக்கவே மாட்டான்” என்றார் ரசமட்டம், சுவரைப் பார்த்தபடி.

“மாமா, தண்ணி குடிங்க. தொண்டையில எதுனா சிக்கிக்கப் போவுது” என்றார் மச்சான்.

“அவன் மட்டும் என் கையில கெடைச்சான்,” மேஸ்திரி சுத்தியலை ஆட்டினார், “இந்தச் சுவத்துக்குள்ளயே நிக்க வச்சுப் பூசிருவேன்.”

“கெடைப்பாரு மேஸ்திரி. ரொம்பத் தூரத்துல இல்ல” என்றார் மச்சான்.

டைல்ஸ் எல்லாம் வெளியே போயின. ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்கள். கதவு நிலையின் அடிப்பாகம் ரொட்டியாக ஊறியிருந்தது. அதையும் அறுத்து மாற்றினார்கள். சுவர் காயும்வரை ஜன்னலைத் திறந்து மின்விசிறி வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு புதுப் பூச்சு. அதன்மேல், தண்ணீர் இறங்காமல் காக்கும் கறுப்புக் குழம்பை இரண்டு கை பூசினார்கள். தரையும் சுவரும் சேரும் மூலைகளில் வலைத்துணி வைத்து இன்னொரு கை. அது காய்ந்ததும் துளையை அடைத்து, தண்ணீரைக் கட்டி, ஒழுகுகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். சுவரின் மறுபக்கத்தில் மச்சான் காய்ச்சல் பார்ப்பதுபோல் கையை வைத்து வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. ரசமட்டத்துக்கோ, தண்ணீர் தேங்கி நிற்கும் அழகைப் பார்த்துப் பழைய வீறாப்பு திரும்பிவிட்டது. “பாத்தியா மச்சான்? அசையாம நிக்குது!”

“அது சோதனைக்கு நிக்குது மாமா. அதுக்கே கை தட்டாதீங்க.”

கடைசியில் தரை போடும் நாள் வந்தது. மேஸ்திரி சுவரிலிருந்து துளைக்கு நூல் கட்டி, நூலை ஒட்டிக் கலவையைச் சரித்துப் பரப்பி, நாலா பக்கமும் துளையைப் பார்த்து வணங்குகிற மாதிரி இழைத்தார். “சாப்பிட்டு வந்துர்றேன். வந்து டைல்ஸ் ஒட்டறேன். ஈரம். ஒரு எறும்புகூட உள்ள போகக் கூடாது” என்று எச்சரித்துவிட்டுப் போனார். மச்சானுக்கு டியூட்டி. கிளம்பும்போது கையை நீட்டினார்.

“மாமா, அதைக் குடுங்க.”

“எதை?”

“சட்டைப் பையில இருக்கறதை.”

ரசமட்டம் தன் ரசமட்டத்தை எடுத்துக் கொடுத்தார். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுக்கிற பெண்ணின் முகம் போல இருந்தது அவர் முகம். மச்சான் அதைக் காக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போனார். மனிதர்களை எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார்கள்! ஒரே ஒரு ரசமட்டம் வைத்திருக்கிற ஆளா அவர்?

இரண்டாவது ரசமட்டம் அலமாரியில், வேட்டிக்கு அடியில் இருந்தது. சும்மா பார்க்கலாம் என்றுதான் எடுத்தார். வாசலில் நின்று கையை நீட்டி ஈரத்தரைமேல் மெல்ல வைத்தார். குமிழி ஓடிப்போய்க் குழாயின் கோடியில், பஸ் படியில் தொங்குகிறவன் மாதிரி ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். குமிழி அங்கேயே தொங்கியது. பக்கத்தில் மேஸ்திரி விட்டுப்போன கரண்டி இருந்தது.

முழுத் தரையையும் இல்லை. ஒரே ஒரு மூலை. அதுவும் யாருக்கும் தெரியாத மூலை. பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் ஒரு முட்டியை ஊன்றி, இந்தப் பக்கத்துக் கலவையை வழித்து அந்தப் பக்கம் அப்பித் தடவினார். குமிழி நகர்ந்தது. இன்னும் ஒரு தடவல். குமிழி நடுவுக்கு வந்து, பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் நின்றது. அடுத்த மூலைக்குத் திரும்பினார்.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, தரை போட்டாச்சா?”

“போட்டாச்சு, போட்டாச்சு.”

“சாய்வா இருக்கா?”

“நல்லாவே இருக்கு.”

“நீங்க எங்க நிக்கறீங்க?”

“வெளியிலதான்.”

“உங்க குரல் முழங்குதே?”

காலியாகக் கிடந்த குளியலறை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என்ன சொன்னாலும் அது இரண்டு தடவை கேட்கும்.

“எழுந்து வெளிய வாங்க.”

வந்தார்.

“ஹால் வரைக்கும் வாங்க. ம்… இப்ப சரியாக் கேக்குது. அங்கயே நில்லுங்க. மேஸ்திரி வர்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்.”

“பேச என்ன இருக்கு?”

“பேச வேணாம். எனக்கு வேலை இருக்கு.”

போனை அவள் மெஷின்மேல் வைத்துவிட்டாள் போல. தைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. ஓடியது, நின்றது, திரும்பி ஓடியது. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு இத்தனை நாள் எப்படி இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் கரண்டியோடும் காதில் போனோடும் ஹாலின் நடுவே, சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் நின்றார். மேஸ்திரி ஏப்பம் விட்டபடி வந்து, தன் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “என்ன சார், மரியாதைக்கு நிக்கறீங்க?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டைல்ஸ் ஒட்டத் தொடங்கினார். தன் வேலையைத் தானே சரிபார்ப்பது மேஸ்திரிக்கு அவமானம். மூலைகளை அவர் பார்க்கவில்லை.

டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளை அடைத்து, எல்லாம் காய்ந்த பிறகு தையல்காரி தம்பியோடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். புருஷனை நலம் விசாரிக்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.

தண்ணீர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடியது. நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவந்து, துளையில் முண்டியடித்து, மடமடவென்று இறங்கி மறைந்தது. மேஸ்திரி மீசையைத் தடவினார்.

பிறகு எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குக் கீழே மூலையில், ஒரு காலடி நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அசையாமல், ஒரே சீராக.

“இது எப்படி?” மேஸ்திரியின் குரல் முதன்முறையாக இறங்கியது. குனிந்து தொட்டுப் பார்த்தார். “நான் போட்ட தரையிலயா? டைல்ஸ் கம்பெனிக்காரன் வளைச்சு அனுப்பிட்டான் சார்! இல்ல, வீடு எறங்கியிருக்கு. வீடுதான் எறங்கியிருக்கு!” பிறகு கண்களில் ஒளி வந்தது. “ஒடைச்சிரலாமா?”

தையல்காரி மேஸ்திரியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் மேலே இருந்த ஷவர் தட்டு நேராக இருக்கிறதா என்று வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“வேணாம் மேஸ்திரி. அது உங்க தப்பு இல்ல.” அவள் குரல் தணிவாகவே இருந்தது. “ஏங்க. அன்னிக்கு இந்த மூலைதானே?”

அவர் ஷவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. ஒரு வார்த்தை தப்பாகப் போனால் அது காலில் ஏறிவிடும். மேஸ்திரிமேல் பழியைப் போடலாம். ஏற்கனவே ஒரு கொத்தனார்மேல் போட்டுப் பழக்கம் உண்டு. வாயைத் திறந்தார்.

“ஒரு நூல்தான்” என்றார்.

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேஸ்திரிக்கு விஷயம் மெதுவாக ஏறியது. ஏறியதும் அவர் பழைய தரையையும் நினைத்துக்கொண்டார் போல; “அந்த மகராசன்…” என்று ஆரம்பித்து, கூலி தர வேண்டியவர் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கினார்.

தையல்காரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாய்த்திருந்த பழைய வைப்பரை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

“அது உங்க எடம். இனிமே நீங்க அங்க நின்னுதான் குளிக்கணும். குளிச்சு முடிச்சதும் வழிச்சு விட்டுட்டு வரணும். தண்ணிக்கு மூச்சு விட நேரம் குடுங்க.” தம்பியின் பக்கம் திரும்பினாள். “மெஷினை எறக்கு.”

வேன் தெருமுனையிலேயே நின்றிருந்தது. அதைத் தண்ணீர் ஓடிய பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தாள்.

மெஷின் பழைய இடத்துக்குத் திரும்பியது. அருவி கடைக்குத் திரும்பி, ஒரு பல் டாக்டரின் சுவருக்கு விற்றுப்போனது. தையல்காரி ஷவரை முழுசாகத் திறந்து, பாடிக்கொண்டே குளிக்கிறாள். ரசமட்டம் தன் மூலையில் பாதம் நனைய நிற்கிறார்.

தெருவில் யாராவது குளியலறை கட்டினால் அழைக்காமலே போய் நிற்கிறார். “தரைன்னா சாய்வு வேணும்யா. ரோட்டைப் பாரு, எப்படிப் போடறான்! ஆனா ஒரு மூலையை மட்டும் நேரா விடணும். இந்த நுணுக்கம் எல்லாருக்கும் தெரியாது” என்கிறார். எதற்கு அந்த மூலை என்று கேட்டால், “அனுபவிச்சவனுக்குத்தான் புரியும்” என்று நிறுத்திக்கொள்கிறார்.

வைப்பரை மாட்டுவதற்காக அந்த மூலையில் அவரே ஒரு கொக்கி அடித்திருக்கிறார். அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாராம்.